ரத்தப் பரிசோதனைக்கு முன்னால் ஒரு படவரிசை: ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோருக்கான முழு வழிகாட்டி

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு டாக்டர் பிளட் டெஸ்ட் எழுதிக் கொடுத்துவிட்டால் பல வீடுகளில் அன்றைக்கே கவலை தொடங்கிவிடுகிறது. லேபில் அப்பா கையைப் பிடிக்க, அம்மா காலைப் பிடிக்க, சிஸ்டர் ஒருவர் தோளை அழுத்த, எப்படியோ ரத்தத்தை எடுத்துவிடுகிறார்கள். ரிப்போர்ட்டும் வந்துவிடும். ஆனால் அடுத்த தடவை அந்தத் தெருவுக்குள் ஆட்டோ திரும்பும்போதே குழந்தை அலறும். வெள்ளைக் கோட்டு போட்ட யாரைப் பார்த்தாலும் நடுங்கும். பல் டாக்டர், முடிவெட்டும் கடை என்று பயம் படர்ந்துகொண்டே போகும்.

இதை மாற்றப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. ஒரு செல்போன் கேமரா, பக்கத்து ஜெராக்ஸ் கடை, கொஞ்சம் வெல்க்ரோ, ஒன்றிரண்டு வாரம் நேரம் இருந்தால், நடக்கப்போவதை ஒவ்வொரு படியாகப் படத்தில் காட்டும் படவரிசை ஒன்றைச் செய்ய ஆரம்பித்துவிடலாம்.

தடுப்பூசி, பல் வைத்தியம், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. என எதற்கும் இந்த வழி பொருந்தும். நான் ரத்தம் எடுப்பதை எடுத்துக்கொள்ளக் காரணம், நம் குழந்தைகளில் பலருக்கு அது ஒரு தடவையோடு முடிவதில்லை. வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடும் குழந்தைக்கு ஈரலையும் ரத்த அணுக்களையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். அடங்காத கோபம், எரிச்சலுக்காக ரிஸ்பெரிடோன் சாப்பிட்டால் சர்க்கரை, கொழுப்பு பார்க்கச் சொல்வார்கள். மூன்று நான்கு வகைச் சாப்பாட்டை மட்டுமே தொடும் குழந்தைக்கு இரும்புச்சத்தும் வைட்டமின் டி-யும் பார்க்க வேண்டி வரும். இந்த ஒன்றைப் பழக்கிவிட்டால் வருடக்கணக்கில் கை கொடுக்கும்.

படம் எதற்கு?

ஊசி குத்தும் வலி சில நொடிதான். குழந்தையை உடைய வைப்பது பெரும்பாலும் அந்த வலிக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும் இருட்டு. எங்கே போகிறோம், யார் தொடுவார்கள், கையை ஏன் கட்டுகிறார்கள், இது எப்போது முடியும் என்று எதுவும் அதற்குத் தெரியாது. எந்த ஊர், எத்தனை மணி நேரம் என்று சொல்லாமல் நம்மை ஒரு பஸ்ஸில் ஏற்றிக் கதவைச் சாத்தினால் நாமும் கத்தத்தான் செய்வோம்.

நாம் வாயால் சொல்வது அடுத்த நொடி காற்றோடு போய்விடுகிறது. பேச்சைப் புரிந்துகொள்ள நேரம் எடுக்கும் குழந்தைக்கு, அதுவும் பயந்திருக்கும்போது, அது காதிலேயே ஏறாது. படம் அப்படியில்லை. கையிலேயே இருக்கும், எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்பிப் பார்க்கலாம், எப்போது பார்த்தாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லும். 1970-களில் அமெரிக்காவின் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்ளரும் அவர் குழுவினரும் வளர்த்தெடுத்த டீச் (TEACCH) என்ற ஆட்டிசக் கல்வி முறையின் அடிப்படை இதுதான். இன்று சிறப்புப் பள்ளிகளில் சுவரில் பார்க்கும் பட அட்டவணைகள் பலவற்றுக்கும் வேர் அங்கே இருக்கிறது.

ஒரு விதியை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் இருப்பதெல்லாம் நடக்க வேண்டும். நடக்கப்போவதெல்லாம் படத்தில் இருக்க வேண்டும். ஒரு தடவை படம் பொய் சொல்லிவிட்டால் குழந்தை அடுத்த தடவை அதை ஏறெடுத்தும் பார்க்காது.

1. முதலில் டாக்டரையும் லேபையும் விசாரியுங்கள்

டாக்டரிடம்: எல்லா டெஸ்டையும் ஒரே தடவையில் எடுத்துவிட முடியுமா? வெறும் வயிறு கட்டாயமா? சில டெஸ்டுகளுக்கு அது தேவையே இல்லை. பசியோடு இருக்கும் குழந்தையிடம் ஒத்துழைப்பை எதிர்பார்ப்பது கஷ்டம், அதனால் இந்தக் கேள்வியைத் தவற விடாதீர்கள். எம்.ஆர்.ஐ. போன்ற வேறு எதற்காவது மயக்கம் கொடுக்கப்போகிறார்கள் என்றால், அப்போதே ரத்தத்தையும் எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள்.

லேபில்: நாற்காலியில் உட்கார வைத்து எடுப்பார்களா, படுக்க வைத்தா? எந்த நேரத்தில் கூட்டம் குறைவு? குழந்தைகளிடம் நன்றாக எடுப்பவர் யார், அவர் எந்த ஷிஃப்டில் வருவார்? வீட்டுக்கே வந்து எடுப்பார்களா?

வீட்டுக்கு வந்து எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. சில குழந்தைகளுக்கு அது நிம்மதி. வேறு சிலருக்கு வீடுதான் பத்திரமான ஒரே இடம், அங்கே ஊசி நுழைவதை அவர்களால் தாங்க முடியாது. வீட்டில் எடுப்பதானால் படுக்கையறை வேண்டாம். ஹாலிலோ திண்ணையிலோ ஓர் இடத்தை அதற்கென்று ஒதுக்குங்கள்.

2. குழந்தைக்கு எந்த வகைப் படம் புரிகிறது?

எல்லாக் குழந்தைக்கும் கோட்டோவியம் புரிந்துவிடாது. சிலருக்குப் பொருளே வேண்டும்: ஒரு துண்டுப் பஞ்சைக் கையில் கொடுத்தால்தான் பஞ்சு என்று புரியும். சிலருக்குப் புகைப்படம் போதும். வாசிக்கத் தெரிந்த குழந்தைக்கு எழுதிய பட்டியலே போதுமானதாக இருக்கலாம், படத்தைச் சின்னப் பிள்ளைத்தனமாக நினைத்து ஒதுக்கவும் செய்யலாம். சந்தேகமாக இருந்தால் புகைப்படத்தில் ஆரம்பியுங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: பதற்றத்தில் இருக்கும் குழந்தை வழக்கமாகப் புரிந்துகொள்வதைவிடக் குறைவாகத்தான் புரிந்துகொள்ளும். வீட்டில் கோட்டோவியம் புரிகிற குழந்தைக்கு லேபில் புகைப்படம் தேவைப்படலாம்.

கோட்டோவியம் வேண்டுமென்றால், ஸ்பெயினின் அரகோன் மாநில அரசு நடத்தும் அராசாக் இணையதளத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. படத்தைத் தொட்டால் அதன் சொல்லைப் பேசிக் காட்டும் அவாஸ் போன்ற செயலியில் ஏற்கெனவே பேசிப் பழகிய குழந்தையென்றால், அதே செயலியின் படங்களையே இங்கேயும் பயன்படுத்துங்கள். புதிதாக ஒன்றைத் திணிக்க இது நேரமில்லை.

3. லேபைப் படம் எடுங்கள்

குழந்தையை விட்டுவிட்டுத் தனியாக ஒரு நாள் போங்கள். அனுமதி கேட்டு, மற்ற நோயாளிகள் யாரும் தெரியாதபடி எடுங்கள். குழந்தையின் கண் உயரத்துக்குக் குனிந்து எடுப்பது நல்லது. அது பார்க்கப்போவது அந்த உயரத்திலிருந்துதான்.

வாசல் போர்டு, டோக்கன் கொடுக்கும் இடம், காத்திருக்கும் நாற்காலி, ரத்தம் எடுக்கும் நாற்காலி, ரப்பர் பட்டை, பஞ்சு, ரத்தக் குழாய்கள். முடிந்தால், அவர் சம்மதத்தோடு, ரத்தம் எடுப்பவரையும்.

குழாய்களின் மூடி நிறத்தைக் கவனியுங்கள். ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்டுக்கு ஊதா மூடி, சர்க்கரைக்குச் சாம்பல், தைராய்டு, ஈரல் போன்றவற்றுக்கு மஞ்சள் அல்லது சிவப்பு என்று பொதுவாக இருக்கும். எந்தெந்தக் குழாய் என்று முன்கூட்டியே கேட்டுவைத்தால், 'ஊதா ஒன்று, மஞ்சள் ஒன்று, அவ்வளவுதான்' என்று படத்தில் காட்டலாம். எங்கள் மையத்துக்கு வந்த ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு இதுதான் கை கொடுத்தது. குழாய் நிரம்புவதைக் கண் கொட்டாமல் பார்த்து, அட்டையில் ஊதா வட்டத்தை அடித்துவிட்டு மஞ்சளுக்காகக் காத்திருந்தான். நிறத்திலும் வரிசையிலும் அவனுக்கு இருந்த ஈடுபாடு அன்றைக்கு அவனுக்குத் துணையாக நின்றது.

ஊசியின் படத்தை வைக்கலாமா கூடாதா என்று பெற்றோர் எல்லோருமே கேட்கிறார்கள். வைக்க வேண்டும் என்பதே என் கருத்து. முனையை மட்டும் பெரிதாக்கிக் காட்ட வேண்டியதில்லை. கை, அதில் ஊசி, அதைப் பிடித்திருக்கும் உறை போட்ட விரல்கள் என்று சாதாரணமாகத் தெரிந்தால் போதும். மறைத்துவிட்டு லேபில் திடீரென்று காட்டினால், அதுவரை கட்டிய நம்பிக்கை அங்கேயே உடைந்துவிடும்.

4. படவரிசையைக் கட்டுங்கள்

ஒரு நீள அட்டை, அதில் வெல்க்ரோவால் ஒட்டிய படங்கள், கடைசியில் ஒரு சின்ன உறை. ஒவ்வொன்றும் நடந்து முடிந்ததும் குழந்தையே அந்தப் படத்தைப் பிய்த்து 'முடிந்தது' என்ற உறைக்குள் போட வேண்டும். அட்டையில் படங்கள் குறையக் குறைய, முடிவு கிட்டே வருவதைக் குழந்தை கண்ணால் பார்க்கிறது. இந்த உறையை அலங்காரமாக நினைத்து விட்டுவிடாதீர்கள். என்னைக் கேட்டால் மொத்த வரிசையிலும் முக்கியமானது அதுதான்.

எட்டு ஒன்பது படத்துக்கு மேல் போக வேண்டாம். ஒரு மாதிரி வரிசை:

- ஆட்டோவில் போகிறோம்
- நாற்காலியில் காத்திருக்கிறோம்
- அம்மா மடியில் உட்காருகிறேன்
- கையில் ரப்பர் பட்டை: இறுக்கமாக இருக்கும்
- ஈரப் பஞ்சு: சில்லென்று இருக்கும், மணம் வரும்
- ஊசி: வலிக்கும். நான் கையை ஆட்டாமல் வைத்திருப்பேன். 20 வரை எண்ணுவோம்
- பஞ்சை அழுத்துகிறோம்
- முடிந்தது
- வீட்டுக்குப் போய் ஊஞ்சல்

படத்துக்குக் கீழே எழுதும் வாக்கியம் நீங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே இருக்கட்டும். என்ன உணர்வு வரும் என்பதைச் சொல்லுங்கள்: இறுக்கம், குளிர்ச்சி, மணம், வலி. 'நல்ல பிள்ளை அழாது' என்று எங்கேயும் எழுதாதீர்கள். அழலாம். கை ஆடாமல் இருந்தால் போதும்.

'வலிக்கவே வலிக்காதுடா' என்று சொல்வதை வீட்டிலுள்ள அனைவரும் நிறுத்த வேண்டும். 'எறும்பு கடிக்கிற மாதிரிதான்' என்பதும் வேண்டாம். சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளும் குழந்தை லேப் முழுக்க எறும்பைத் தேடும், எறும்பைக் கண்டு பயப்படும் குழந்தையென்றால் கேட்கவே வேண்டாம். 'ரெண்டே நிமிஷம்' என்று சொல்லி இருபது நிமிடம் உட்கார வைப்பதும் இதே கதைதான். இதையெல்லாம்விட மோசமானது, 'சாப்பிடலேன்னா டாக்டர் மாமாகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்' என்ற மிரட்டல். ஊசி ஒரு தண்டனை என்று தினமும் சாப்பாட்டு வேளையில் சொல்லிக் கொடுத்துவிட்டு, லேபில் மட்டும் அது நல்லதுக்கு என்றால் குழந்தை எதை நம்பும்? பாட்டி, தாத்தா, அக்கம்பக்கம் எல்லோரிடமும் இதைப் பக்குவமாகச் சொல்லிவையுங்கள்.

ஒன்பது படம் குழந்தைக்கு அதிகமென்றால் இரண்டே கட்டம் போதும்: 'முதலில்' ரத்தம் எடுப்பது, 'அப்புறம்' ஊஞ்சல். அப்புறம் என்ற கட்டத்தில் வருவது குழந்தைக்கு உண்மையிலேயே பிடித்ததாக இருக்க வேண்டும், உடனே கிடைக்க வேண்டும். அழுதாலும் கத்தினாலும், முடிந்துவிட்டால் அதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

5. குழந்தை பேசுவதற்கும் படம் வேண்டும்

இதுவரை சொன்ன படங்கள் எல்லாம் நாம் குழந்தைக்குச் சொல்பவை. குழந்தை நமக்குச் சொல்ல மூன்று நான்கு அட்டைகளை ஒரு வளையத்தில் கோத்துக் கொடுங்கள்: 'நிறுத்து, கொஞ்சம் ஓய்வு', 'வலிக்கிறது', 'சத்தம் அதிகம்', 'தண்ணீர்'. கூடவே தேர்ந்தெடுக்கும் அட்டை ஒன்று: இடது கையா வலது கையா, மடியிலா நாற்காலியிலா, ஊசியைப் பார்ப்பதா போனைப் பார்ப்பதா. ரத்தம் எடுப்பதா வேண்டாமா என்பதைத் தேர்வாகக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் அது உண்மையான தேர்வு இல்லை.

'நிறுத்து' அட்டையைக் காட்டினால் நிறுத்த வேண்டும், குறைந்தது ஊசி போடுவதற்கு முன்னாலாவது. ஊசி உள்ளே இருக்கும்போது நிறுத்த முடியாது என்பதையும் படத்திலேயே காட்டிவிடுங்கள்: ஊசிப் படத்துக்குப் பக்கத்தில் 'நிறுத்து' அட்டை இருக்காது, எண்கள் மட்டும் இருக்கும்.

6. வீட்டில் ஒத்திகை

ஒரு வாரமாவது வேண்டும். பயம் ஏற்கெனவே ஆழமாகப் போயிருந்தால் இன்னும் அதிகம் ஆகும். ஒரு நாளைக்குச் சில நிமிடம் போதும். பல் தேய்ப்பது, குளிப்பது போல ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் படத்தைப் பார்ப்பது மட்டும். அப்புறம் பொம்மைக்கு, அப்புறம் அப்பாவுக்கு, கடைசியில் குழந்தைக்கு. பட்டைக்குப் பதிலாக ஒரு துணியைக் கையில் லேசாகச் சுற்றி, மூன்று எண்ணி அவிழ்த்துவிடுங்கள். மறுநாள் ஐந்து. மெதுவாக இறுக்கத்தையும் கூட்டலாம், ஆனால் உண்மையாக ரத்த ஓட்டம் நிற்கும் அளவுக்கு வேண்டாம். ஸ்பிரிட் பஞ்சை முதல் நாள் தூரத்தில் வைத்து மணம் மட்டும். பல குழந்தைகளுக்கு ஊசியைவிட இந்த மணமும் குளிர்ச்சியும்தான் பெரிய தடை. ஊசிக்குப் பதில் மூடி போட்ட பேனாவை முழங்கை மடிப்பில் வைத்து 20 வரை எண்ணுங்கள். பிளாஸ்டர் ஒட்டி எடுப்பதையும் பழக்குங்கள். அது தோலில் ஒட்டியிருப்பதையே தாங்காத குழந்தையென்றால், லேபில் பஞ்சை அழுத்திப் பிடித்தால் போதும் என்று முன்பே சொல்லிவிடலாம்.

குழந்தை முகம் சுளிக்கும் முன்பே நிறுத்திவிட வேண்டும். நன்றாகப் போகிறதே என்று இன்னும் ஒரு படி ஏற்றத் தோன்றும், வேண்டாம். எல்லா ஒத்திகையும் 'முடிந்தது' உறையில் முடியட்டும்.

பிறகு ஒரு நாள் லேபுக்கே கூட்டிப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். அன்றைய வரிசையில் ஊசிப் படம் இருக்கக் கூடாது. அன்று ஊசி போடவும் கூடாது, 'வந்ததுதான் வந்துட்டோம்' என்று யார் சொன்னாலும்.

வலியைக் குறைக்க லிடோகெய்ன், பிரிலோகெய்ன் இரண்டும் 2.5 சதவீதம் சேர்ந்த மரத்துப்போகும் களிம்பு ஒன்று உண்டு. ஊசிக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பு தடவி, மேலே பிளாஸ்டிக் படலம் ஒட்டி வைக்க வேண்டும். வயது, எடை, மற்ற மருந்துகளைப் பொறுத்து அளவு மாறும், சில குழந்தைகளுக்கு ஆகாது. எனவே டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். பயன்படுத்துவதானால் அதற்கும் வரிசையில் ஒரு படம் வேண்டும், அந்தப் படலத்துக்கும் ஒத்திகை வேண்டும்.

7. ரத்தம் எடுப்பவருக்கு ஒரு குறிப்பு

அரைப் பக்கத்தில் எழுதி முந்தின நாளே கொடுங்கள். குழந்தையை எந்தப் பெயரால் கூப்பிட்டால் திரும்பும், எதைத் தொட்டால் பிடிக்காது, எந்த வார்த்தை புரியும், படவரிசை எப்படி நகரும். இவற்றோடு மூன்று வேண்டுகோள்: சொல்லிவிட்டுத் தொடுங்கள், பொருட்களை எல்லாம் தயாராக வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள், ஒருவர் மட்டும் பேசட்டும். பெரும்பாலான லேப் ஊழியர்கள் இதை மகிழ்ச்சியோடுதான் வாங்கிக்கொள்கிறார்கள். அழும் குழந்தையின் கையில் நரம்பு தேடுவது அவர்களுக்கும் வேதனைதான்.

காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கக் கேட்பதில் கூச்சப்பட வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் ஆட்டிசம் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதன் 25-ஆவது பிரிவு, சிகிச்சையில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் யு.டி.ஐ.டி. அடையாள அட்டையின் நகலைக் கையில் வைத்திருங்கள். வரிசையில் முன்னால் விட முடியாது என்றால், 'நாங்க வெளியில நிக்கிறோம், முறை வந்ததும் போன் பண்ணுங்க' என்று கேளுங்கள்.

8. அன்றைய நாள்

காலையில் எழுந்ததும் வரிசையைக் காட்டுங்கள். வழியில் அட்டை குழந்தையின் கையில் இருக்கட்டும். ரத்தம் எடுக்கும் அறையில் அதைக் குழந்தையின் கண்ணுக்கு நேராக, ஊசி போடும் கைக்கு எதிர்ப்பக்கம் பிடியுங்கள்.

மடியில் உட்கார வைத்து, குழந்தையின் முதுகு உங்கள் மார்போடு சேர அணைத்துக்கொள்ளுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து நாலு பேர் அமுக்குவதைவிட இது குழந்தைக்கு ஆயிரம் மடங்கு நல்லது, கையும் ஆடாது. பட்டை கட்டியதும் படத்தைத் தொட்டுக் காட்டி, சின்ன வாக்கியத்தில் சொல்லுங்கள்: 'பட்டை. இறுக்கம்.' அதற்கு மேல் பேச வேண்டாம். சுற்றி நிற்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் சமாதானம் சொன்னால் குழந்தைக்கு அது வெறும் இரைச்சல். எண்ணும்போது 20-ல் ரத்தம் நிரம்பவில்லை என்றால் 19-லேயே இழுத்துக்கொண்டு நிற்காதீர்கள். வேறு நிறத்தில் 10 எண்கள் கொண்ட இன்னொரு அட்டையை முன்பே தயாராக வைத்திருந்து, 'இன்னும் 10' என்று எடுத்துக் காட்டுங்கள்.

நரம்பு கிடைக்கவில்லை, இன்னொரு தடவை குத்த வேண்டும் என்று வந்தால்? இது அடிக்கடி நடக்கிறது, ஆகவே 'மாற்றம்' என்ற அட்டையை ஒத்திகையிலேயே பழக்கியிருக்க வேண்டும். வீட்டில் நல்ல விஷயங்களில் ஆரம்பியுங்கள்: இட்லி என்று படம் இருக்கிறது, 'மாற்றம்' அட்டையைக் காட்டிவிட்டு அதற்குப் பிடித்த தோசையைக் கொடுங்கள். லேபில் அதே அட்டையைக் காட்டி, இன்னொரு ஊசிப் படத்தை வரிசையில் ஒட்டி, கொஞ்சம் ஓய்வு கொடுத்துவிட்டுத் தொடருங்கள். இரண்டு தடவைக்கு மேல் குத்துவதில்லை என்று முதலிலேயே லேபில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை தன்னை அடித்துக்கொள்கிறது, மூச்சு வாங்குகிறது, படத்தைப் பார்க்கும் நிலையிலேயே இல்லை என்றால், அவசரமில்லாத டெஸ்டை அன்றைக்கு விட்டுவிடுங்கள். எந்தப் படி வரை வந்ததோ அதோடு உறையை மூடி, 'இன்னிக்கு முடிஞ்சது' என்று சொல்லி, பிடித்ததைக் கொடுத்து வீட்டுக்கு வாருங்கள். டெஸ்ட் தள்ள முடியாதது என்றால், அப்போதும் படவரிசையைத் தூக்கி எறிய வேண்டாம். பதற்றத்தைக் குறைக்க மருந்து கொடுக்கலாமா என்று டாக்டரிடம் பேசுங்கள்.

9. முடிந்த பிறகு

அன்று மாலையே வரிசையை மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும், இந்தத் தடவை குழந்தையின் சொந்தப் படங்களோடு. மடியில் உட்கார்ந்திருப்பது, பஞ்சை அழுத்துவது, ஊஞ்சலில் ஆடுவது. அடுத்த டெஸ்டுக்கு இதுவே புத்தகம். எது தடையாக இருந்தது என்று பின்பக்கம் எழுதிவையுங்கள்: மணம், காத்திருப்பு, பிளாஸ்டர். லேப் மாறினால் வாசல், நாற்காலி, ஆள் ஆகிய படங்களை மட்டும் மாற்றினால் போதும்.

வேறு சிகிச்சைக்குப் போகும்போது எலும்புக்கூடு இதேதான், உள்ளே இருக்கும் உணர்வுகள் மாறும். இ.இ.ஜி. என்றால் ஊசியே கிடையாது, ஆனால் தலை முழுக்க இருபது இடங்களுக்கு மேல் பசை தடவி வயர் ஒட்டுவார்கள். பிசுபிசுப்பும், பிறகு தலைக்குக் குளித்து அது போய்விடும் என்பதும் படத்தில் வர வேண்டும். பல் டாக்டர் என்றால் நாற்காலி பின்னால் சாய்வதையும் விளக்கு கண்ணுக்கு நேரே வருவதையும் காட்ட வேண்டும். நீங்களாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், மாவட்டத்தில் உள்ள, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் அரசின் டி.இ.ஐ.சி. மையத்திலோ குழந்தை போகும் தெரபி மையத்திலோ சிறப்பாசிரியரிடமும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமும் கேளுங்கள். ஒத்திகையையும் அவர்கள் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, அவசரத்துக்கு. விழுந்து அடிபட்டால் ஒத்திகைக்கெல்லாம் நேரம் இருக்காது. டாக்டர், காத்திரு, ஊசி, கட்டு, எக்ஸ்ரே, வலிக்கிறது, முடிந்தது, வீடு: இந்த எட்டுப் படங்களையும் தீப்பெட்டி அளவில் லேமினேட் செய்து ஒரு சாவி வளையத்தில் கோத்து, ஒன்றை வண்டியிலும் ஒன்றைப் பள்ளிப் பையிலும் போட்டுவையுங்கள். அதில் 'முடிந்தது' படத்தை மட்டும் வேறு நிறத்தில் செய்யுங்கள், அவசரத்தில் சட்டென்று கைக்கு வர வேண்டியது அதுதான்.